பூனைக்கு ஜலதோஷம்

பூனைக்கு ஜலதோஷம் என்று ஆபீஸில் லீவு கேட்டுப் பாருங்கள். மானேஜர் மேலும் கீழும் பார்ப்பார். ஆனால் இது சிரிக்கிற சமாசாரமில்லை, ஸார்.

பெரும்பாலும் இரண்டு வைரஸ்களின் வேலை. ஒன்று ஹெர்ப்பிஸ், மற்றது கலிசி. இரண்டும் பூனை ஜாதிக்கானவை, நமக்கு ஒட்டாது. ஆனால் நம் கை, சட்டை, சோற்றுத்தட்டு வழியாக அடுத்த பூனைக்குப் போய்விடும். ஹெர்ப்பிஸ் வெளியே ஒரு நாள் தாங்கினால் பெரிசு. கலிசி, சொல்லாமல் வந்த மச்சான் மாதிரி ஒரு மாசம்கூட டேரா போடும்.

எங்கள் வீட்டில் பூனை ரெண்டு. மூத்தது தும்ம ஆரம்பித்ததும் வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன். டாக்டர் தும்மலைப் பற்றிக் கேட்கவே இல்லை.

"சாப்பிடுதா?"

"நேத்திலேர்ந்து இல்லை ஸார்."

"அதான் ஆபத்து. மூக்கடைச்சா வாசனை தெரியாது. வாசனை தெரியலேன்னா பூனை சாப்பிடாது. ரெண்டு மூணு நாள் பட்டினி கிடந்தா ஈரல் கெட்டுடும்."

மருந்தோடு வைத்தியமும் சொல்லிக் கொடுத்தார். இளஞ்சூட்டு நீரில் நனைத்த பஞ்சால் மூக்கு, கண் துடைக்க வேண்டும், கண்ணுக்கொரு பஞ்சு. பாத்ரூமில் வெந்நீரைத் திறந்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிஷம் ஆவி. மீனைச் சூடு காட்டி, ஊரே மணக்கத் தர வேண்டும். நல்ல பூனையை முதலில் கவனித்து, நோயாளியைக் கடைசியில் தொட்டு, கையை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கலிசிக்குச் சாதாரண ஃபினாயில் போதாது, அதுவும் பூனைக்கு ஆகாது. தண்ணீர் கலந்த பிளீச்தான்.

பெட்ரூம் நோயாளிக்கு, ஹால் எங்களுக்கு.

பக்கத்து வீட்டு மாமா அன்போடு வந்தார். "அரை பாரசிட்டமால் குடுப்பா, காலையிலே குதிக்கும்." பெரியவரை அனுப்பிவிட்டு, மாத்திரை டப்பாவை அலமாரி உச்சிக்கு ஏற்றினேன். நம் தலைவலிக்கு அமிர்தமான அந்த மாத்திரையை முறிக்கும் சக்தி பூனையின் ஈரலுக்குக் கிடையாது. ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல் போகும். அரை மாத்திரையே உயிரை எடுத்துவிடலாம்.

மூன்றாம் நாள் ராத்திரி ஒரு மணிக்கு பெட்ரூமுக்குள் 'சளக், சளக்' என்று சத்தம். பூனை தட்டை நக்கிக்கொண்டிருந்தது. மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் மீன் வாசனை என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஹெர்ப்பிஸ் மட்டும் உடம்பிலேயே ஆயுசுக்கும் குடியிருக்கும்; வீடு மாறினால், புதுப் பூனை வந்தால் மறுபடி தலைகாட்டலாம். தடுப்பூசி நோயை அடியோடு தடுக்காது, வேகத்தைக் குறைக்கும். இளையதுக்குப் போட்டாயிற்று. உங்களுடையதுக்கு?