டிமென்ஷியா வார்டு நர்ஸ்களிடம் இருக்கிற கேள்விகள்

டிமென்ஷியா ஆராய்ச்சின்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? மூளை ஸ்கேன், ஆய்வகம், புது ஊசி. 2024-ல் லெகானிமாப் மருந்துக்கு பிரிட்டனில் அனுமதி கிடைச்சப்போ செய்தி எல்லாம் அதைப் பற்றித்தான். நல்ல விஷயம். ஆனா அந்த ஊசி நோயின் ஆரம்ப நிலைக்கு மட்டும். நோய் முற்றி, பேச்சே போனவங்களுக்கான ஆராய்ச்சியை யார் செய்வாங்க?

நர்ஸ்கள் செய்யணும் என்பது என் கருத்து. ஏன்னு சொல்றேன். கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

டிமென்ஷியா உள்ளவர் கத்தினா, அடிச்சா, ராத்திரி தூங்காம நடந்தா, மனநோய்க்கான மாத்திரை கொடுத்து அடக்குறது பல நாடுகளில் இருந்த வழக்கம். இன்னும் இருக்கு. 2009-ல் பேராசிரியர் சுபே பானர்ஜி இங்கிலாந்து அரசுக்கு இதைப் பற்றி ஓர் அறிக்கை கொடுத்தார். சுமார் 1,80,000 டிமென்ஷியா நோயாளிகள் இந்த வகை மாத்திரை எடுக்கிறாங்க, அதனால் வருஷத்துக்கு சுமார் 1,800 பேர் கூடுதலா இறக்கிறாங்க என்பது அவர் மதிப்பீடு.

சரி, மாத்திரையைக் குறைக்கலாம். ஆனா அவங்க ஏன் கத்துறாங்க?

பல நேரம் காரணம் ரொம்ப சாதாரணமானது. வலி. இடுப்பு வலி, சொத்தைப் பல், மலச்சிக்கல், படுக்கைப் புண். "வலிக்குது"ன்னு சொல்ல வார்த்தை வராது. "0-ல இருந்து 10-க்குள்ள எவ்வளவு வலிக்குது?"ன்னு கேட்டுத்தான் நாங்க டாக்டர்கள் வலியை அளப்போம். பேச முடியாதவர்கிட்ட அந்தக் கேள்வியால் என்ன பயன்?

இதுக்கு ஒரு வழி அமெரிக்காவிலிருந்து வந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பெட்ஃபோர்ட் என்ற ஊரில் முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனை இருக்கு. அங்கே பணியாற்றிய விக்டோரியா வார்டன், ஆன் ஹர்லி என்ற இரண்டு நர்ஸ்களும், லடிஸ்லாவ் வோலிசர் என்ற டாக்டரும் சேர்ந்து 2003-ல் 'பெய்னாட்' என்ற அளவுகோலை வெளியிட்டாங்க. மூச்சு எப்படி இருக்கு, முனகுறாங்களா, முகம் எப்படி இருக்கு, உடம்பு இறுகி இருக்கா, தட்டிக்கொடுத்தா அடங்குறாங்களா. ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2-ன்னு மார்க். மொத்தம் 10. ஐந்து நிமிஷம் பக்கத்துல நின்னு கவனிச்சா போதும், செலவே கிடையாது.

அந்தக் கடைசிக் கேள்வியைக் கவனிங்க. 1997-ல் மிச்சிகனில் நர்ஸ்கள் முன்னின்று உருவாக்கின, பேச்சு வராத குழந்தைகளுக்கான வலி அளவுகோலிலும் அது இருக்கு. தட்டிக்கொடுத்தா அழுகை நிக்குதாங்கிறதும் ஒரு அளவுதான்னு தோணணும்னா, தினமும் தட்டிக்கொடுத்துப் பழகியிருக்கணும். எங்க ரவுண்ட்ஸ் வேகத்துக்கு அது தோணாது.

2011-ல் நார்வேயில் 18 முதியோர் இல்லங்களில் 352 பேரை வைச்சு ஓர் ஆய்வு நடந்தது. பதற்றமும் முரட்டு நடத்தையும் உள்ள டிமென்ஷியா நோயாளிகள். ஒரு பிரிவினருக்கு வலிக்கு முறையா படிப்படியா சிகிச்சை கொடுத்தாங்க. பெரும்பாலானவங்களுக்கு நம்ம வீட்டு அலமாரியில் இருக்கிற பாரசிட்டமால்தான். எட்டு வாரத்தில் பதற்றம் 17 சதவீதம் குறைஞ்சது. இதை நடத்தினது டாக்டர்கள், மறுக்கல. ஆனா "இவங்களுக்கு எங்கயோ வலிக்குது போல டாக்டர்"னு எந்த வார்டிலும் முதலில் சொல்றது சிஸ்டர்தானே?

பிரிட்டனில் டிமென்ஷியாவுக்கென்றே 'அட்மிரல் நர்ஸ்'னு ஒரு பிரிவு இருக்கு. ஜோசப் லெவி என்பவருக்கு டிமென்ஷியா வந்தது. பாய்மரப் படகு மேல் பிரியம் உள்ளவர் என்பதால் வீட்டில் 'அட்மிரல் ஜோ'. அவர் குடும்பம் 1990-களில் தொடங்கி வைச்ச சேவை. நோயாளியோட சேர்த்து, பார்த்துக்கிற மனைவி, மகள் எல்லாரையும் இவங்க கவனிப்பாங்க.

இப்படிப்பட்ட நர்ஸ்களை ஆராய்ச்சி உலகம் பெரும்பாலும் எதுக்குப் பயன்படுத்துது தெரியுமா? ஆள் பிடிக்க. "உங்க நோயாளிகள்ல பத்து பேரைச் சேர்த்துக் கொடுங்க சிஸ்டர்." கேள்வியை வேற யாரோ முடிவு பண்ணியாச்சு, கட்டுரையிலும் நன்றிப் பகுதியில் ஒரு வரிதான்.

இத்தனைக்கும் ஆய்வில் நோயாளியைக் காப்பாத்துறதும் அவங்கதான். இங்கிலாந்தின் 2005 மனத்திறன் சட்டப்படி, முடிவெடுக்க முடியாத ஒருவரை ஆய்வில் சேர்க்க நெருங்கினவரைக் கலந்து பேசணும். அவர் சரின்னு சொன்னாலும், நோயாளி எதிர்ப்பைக் காட்டினா அதைச் செய்யக் கூடாது. கையை இழுத்துக்கிறது எதிர்ப்பா, குளிரா? பழகின நர்ஸுக்குத்தான் தெரியும்.

அப்போ அவங்களே ஆராய்ச்சி செய்யலாமே? நேரம் எங்க இருக்கு! பிரிட்டன் கன்சல்டன்ட் டாக்டர்களின் 2003 ஒப்பந்தத்தில் வாரத்துக்கு 10 வேலைப் பகுதிகள். அதில் 2.5 பகுதி கற்பித்தல், தணிக்கை, ஆராய்ச்சி மாதிரி வேலைகளுக்குன்னு வைச்சிருந்தாங்க. இப்போ அது குறைஞ்சிருக்கலாம், ஆனா எழுத்தில் ஒரு இடம் இருக்கு. நர்ஸ்களின் பொது ஒப்பந்தத்தில் அப்படி ஒரு ஒதுக்கீடே கிடையாது. ஷிஃப்ட் முடிஞ்சு வீட்டுக்குப் போய் ஆய்வு எழுதுன்னா யார் எழுதுவாங்க? வாரத்தில் ஒரு நாள், வார்டுக்குக் கூப்பிடாத ஒரு நாள், சம்பளத்தோட கொடுங்க. ஊசிக்குச் செலவழிக்கிறதைப் பார்த்தா இது சில்லறை.

நமக்கும் இது தூரத்து விஷயம் இல்லை. இந்தியாவில் 60 வயசுக்கு மேல் சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கலாம்னு 2023-ல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பாலும் வீட்டில், மருமகளோ மகளோ பார்த்துக்கிறாங்க. சாப்பாட்டை வாயிலேயே வைச்சுக்கிட்டு விழுங்காதவருக்கு ரசம் சாதத்தை எப்படி ஊட்டுறது? இதுக்கு நார்வேயில் விடை கிடைக்காது.

இதைப் படிக்கிற நர்ஸ்கள், வீட்டில் பார்த்துக்கிறவங்க, ஒரு உதவி பண்ணுங்க. டாக்டர்கிட்ட கேட்டும் விடை கிடைக்காத ஒரே ஒரு கேள்வியைக் கீழே எழுதுங்க. எவ்வளவு சின்னதா இருந்தாலும் பரவாயில்லை.