பரிசுக்கு முன் விசாரணை

மலாய்ப் பத்திரிகையுலக முன்னோடி அப்துல் ரஹீம் காஜாயின் பெயரால் நம் மலேசிய நாட்டுப் பத்திரிகையாளர்க்கு மிக உயர்ந்த விருது வழங்கப்பட்டு வருவது சந்தோஷமே. எனினும், 2016 அக்டோபர் 25-இல் ஜொகூர் பாரு சுல்தானா அமினா ஆஸ்பத்திரியில் மூண்ட தீக்கு ஆறு நோயாளிகள் பலியானது குறித்து, ஓய்வு பெற்ற நீதிபதி ஹிஷாமுதீன் யூனுஸ் தலைமையிலான விசாரணைக் குழு தன் அறிக்கையில் கண்டறிந்தவற்றை 2020-இல் 'கோட்புளூ' என்னும் சுகாதாரச் செய்தித் தளத்தின் ஆசிரியை பூ சூ லின் ஜனங்களுக்கு எடுத்துரைத்தபோது, அவரைத் தேடி வந்தது பரிசன்று, போலீஸ் விசாரணையே. அவ்வறிக்கையின் இரகசியத் தன்மையைத் தாமே நீக்கிவிட்டதாக அதற்கு முன் சுகாதார அமைச்சராயிருந்தவர் கூறியிருந்தும் இந்த விபரீதம்!

புக்கிட் மெர்தாஜாம் ஆஸ்பத்திரியில் நம்பர் வாங்கிக் காத்திருக்கும் ஏழைக்கு, தான் படுக்கப்போகும் கட்டடம் பத்திரமானதா என்றறியும் பாத்தியதை உண்டு. சுகாதாரத் துறையைத் துருவியெழுதுவோர்க்குத் தனி விருது நிறுவுக. அதனினும் அவசியமாக, இத்தகைய விசாரணைக்கு இடந்தரும் 1972-ஆம் ஆண்டு அரசாங்க இரகசியச் சட்டத்தை நாடாளுமன்றம் திருத்துக.