மாரியிற் கழற்று, மாசியிற் பூசு

கனடாவிலும் நோர்வேயிலும் வாழும் நம்மவர், பனிக்காலம் வந்ததும் மோட்டார் சைக்கிளைக் கொட்டிலில் நிறுத்தி, பெற்றோல் தாங்கியையும் மட்காட்டையும் கழற்றிப் புதுப்பூச்சுக்கு அனுப்புவர். திருகோணமலையிற் பனியேது? ஆயினும் ஐப்பசி பிறந்து வாடை வீசத் தொடங்கினால், துறைமுகப் பகுதியிலும் பல வண்டிகள் விறாந்தையில் ஓய்வெடுக்கின்றன. ஆண்டு மழையின் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரையிலேயே இங்கு பெய்துவிடுகிறது. தைப்பொங்கலுக்குள் வண்டியைப் பளபளப்பாக்கிவிட வேண்டுமென்று இளைஞர் துடிப்பதும் இக்காலத்திலேதான். அந்த அவசரத்தையே நாம் தடுக்க விரும்புகிறோம்.

கழற்றுவதற்கு மாரியைப் போல் வாய்ப்பான காலம் இல்லை. பூசுவதற்கு அதனைப் போல் ஆகாத காலமும் இல்லை. வர்ணத்தோடு கலந்த தின்னர் ஆவியாகும்போது தகட்டின் மேற்பரப்பைக் குளிர்விக்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அக்குளிர்ச்சியிற் பனித்துளி படிந்து, பூச்சு வெண்புகை படர்ந்தாற்போல் மங்கிவிடும். சாரீரப்பதன் நூற்றுக்கு 85ஐத் தாண்டினாற் பூசலாகாது என்பது தொழிலறிந்தோர் பொதுவிதி. மார்கழியில் இங்கே அதனைத் தாண்டாத நாட்கள் எத்தனை?

இதனினும் பொல்லாதது உப்பு. உப்புவெளி என்று ஓர் ஊருக்கே பெயர் வாய்த்த கரையல்லவா! கறளைச் சுரண்டியபின்னும் அதன் குழிகளில் உப்பு தங்கியிருக்கும். அது ஈரத்தை இழுத்து, புதிய பூச்சின் அடியிலேயே கறளை வளர்த்து, சில மாதங்களிற் கொப்புளமாக வெளிப்படும். ஆகவே கழற்றிய பாகங்களை முதலில் நல்ல தண்ணீரிற் பலமுறை கழுவி, நன்கு உலர்த்தி, மெல்லிய எண்ணெய் தடவித் துணியிற் சுற்றி வையுங்கள். மாசியில் வெயில் நிலைத்தபின் எண்ணெயை முற்றாகப் போக்கி, மண்கடதாசியால் தேய்த்து, அன்றைக்கே அடிப்பூச்சுக் கொடுக்க வேண்டும். வெற்றிரும்பை ஓரிரவு விட்டாலும் கறள் முந்திக்கொள்ளும்.

குரோமிய முலாமிட்ட பாகங்களில் மண்கடதாசியைத் தொடவே வேண்டாம். அந்த மினுக்கம் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கிலும் மெல்லியது; இரும்பைக் காப்பது பெரும்பாலும் அதன் கீழுள்ள நிக்கலே.

பாகங்களைக் கழற்றக் கழற்ற வண்டியின் நிறைச்சமன் மாறும் என்பதைப் பலர் எண்ணுவதில்லை. முன்சில்லை எடுக்குமுன் அடிச்சட்டத்துக்கு முட்டுக்கொடுங்கள். 1944 ஆகஸ்ட் 8ஆந் திகதி, இதே திருகோணமலைத் துறைமுகத்தில், ‘வேலியன்ற்’ என்னும் பிரித்தானியப் போர்க்கப்பலைத் தாங்கியிருந்த பென்னம்பெரிய மிதக்குந்துறை முறிந்து மூழ்கிற்று. அதன் நீர்த்தொட்டிகளை வெறுமையாக்கிய முறை பிழைத்ததே காரணம். கப்பலும் சேதமுற்றது. கடற்படைக்கே அக்கதியென்றால், செங்கல் இரண்டை அடுக்கி வண்டியை ஏற்றுவோரைப் பற்றி என்ன சொல்ல!

பெற்றோல் தாங்கி விடயத்தில் விளையாட்டே கூடாது. பெற்றோலை வடித்தபின்னும் உள்ளே நிற்கும் ஆவி, நிறைந்த தாங்கியினும் ஆபத்தானது. அடுப்போ, சுருட்டோ, பொறி பறக்கும் கருவியோ அதன் அருகில் வரலாகாது. ஓட்டை அடைக்க வேண்டுமாயின் ஆவி நீக்கத் தெரிந்த தொழிலாளரிடமே கொடுங்கள். ஆணிகளைத் தனித்தனிப் பேணிகளிலிட்டுப் பெயரெழுதி வைக்கும் வேலையைச் சிறுவர்களிடம் விடலாம். மிகுந்த கவனத்தோடு செய்வார்கள்.

பூசும்போது அடிச்சட்ட இலக்கம் மறையாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். மின்கம்பி அடிச்சட்டத்தைத் தொடும் இடத்தில் வர்ணம் படிந்தால் விளக்கு எரியாது. சிவப்பு வண்டியை நீலமாக்கும் ஆசையிருந்தால், பதிவுச் சான்றிதழிலும் நிறம் குறிக்கப்பட்டிருப்பதை நினைவிற் கொண்டு, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் முதலில் விசாரித்துவிடுங்கள்.