சங்கீதப் பட்டம் யார் வீட்டுச் சொத்து?

போன மாதம் ஒரு கிளைக் கூட்டம் முடிந்து டீக்கடையில் நின்றுகொண்டிருந்தோம். நூற்பாலையில் வேலை செய்யும் தோழர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். "தோழர், ஒரு யோசனை கேட்கணும். சின்ன மக இசைப்பள்ளியில மூணு வருஷம் நாதசுரம் படிச்சா. பன்னெண்டாவதும் பாஸ் பண்ணிட்டா. இனிமே பட்டம் படிச்சு, எம்.ஏ. படிச்சு, ஆராய்ச்சி வரைக்கும் போகணுங்கறா. அனுப்பலாமா?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்லுமுன் பக்கத்தில் நின்ற விவசாயத் தொழிலாளித் தோழர் வாய்விட்டுச் சிரித்தார். "ஏம்ப்பா, எனக்கு நடவுக் கூலி பாக்கி. உனக்கு ஆலையில மாசத்துல பாதி நாள் வேலை இல்லை. இதுல எம்.ஏ. சங்கீதமா? அதெல்லாம் சபா வீட்டுப் பிள்ளைங்க படிக்கிற படிப்பு!"

கள்ளம் கபடம் இல்லாத சிரிப்புதான். ஆனால் தோழர்களே, அந்தச் சிரிப்புக்குள் எதிரியின் குரல் ஒளிந்திருக்கிறது. "சங்கீதம் உனக்கு வராது; வந்தாலும் அது பட்டத்துக்குரிய சங்கீதம் இல்லை" என்று மேட்டுக்குடி நூறு வருஷமாக நம் காதில் ஓதியதை, நாமே நம் வாயால் திருப்பிச் சொல்கிறோம்! ஆகவே இந்தப் பிரச்னையைப் பகிரங்கமாகப் பேசியாக வேண்டும்.

பேனா யார் கையில்?

சங்கீதத்தில் மேல்படிப்பு என்றால் தம்புராவை மீட்டிக்கொண்டு கண்ணை மூடி உட்காருவது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பல்கலைக்கழகத்தில் அதற்கு மூன்று கிளைகள் உண்டு. ஒன்று, பாடுவதும் வாசிப்பதும். இரண்டு, புதிதாக இசை அமைப்பது. மூன்று, இசையை ஆராய்வது. ஒரு பண் எங்கே பிறந்தது, யார் வளர்த்தார்கள், யார் கையிலிருந்து யார் கைக்குப் போயிற்று என்று தேடி எழுதி வைப்பது.

இந்த மூன்றாவது கிளைக்காரர்தான் எல்லாரையும்விட அதிகாரம் உள்ளவர். எது சாஸ்திரிய சங்கீதம், எது வெறும் நாட்டுப்புறம் என்று தீர்ப்பு எழுதுகிற பேனா அவர் கையில் இருக்கிறது. அடுத்த தலைமுறைக்குப் பாடப் புத்தகம் எழுதுவது அவர். அந்தப் பேனா இதுவரை யார் கையில் இருந்தது? வயலில் இறங்கியவர் கையிலா? ராட்டினத்தில் நூல் கோத்தவர் கையிலா?

நம் பாட்டன்மார் ஏற்றம் இறைத்தார்கள். ஏற்றப்பாட்டு பொழுதுபோக்குப் பாட்டா? இத்தனை சால் இறைத்தாயிற்று என்று கணக்கு வைக்கிற பாட்டு அது. மிதிக்கிறவர் காலும், சால் பிடிக்கிறவர் கையும் தாளம் தப்பாமல் சேர்வதற்காக ஏற்பட்ட பாட்டு. பாட்டே கடிகாரம், பாட்டே கணக்குப்பிள்ளை! பம்பு செட் வந்தது; ஏற்றம் போயிற்று; பாட்டும் கூடவே போயிற்று. நடவு இயந்திரம் இறங்கிய வயலில் நடவுப்பாட்டு இல்லை. இயந்திரம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. முதுகை ஒடிக்கிற வேலையை இயந்திரம் தாராளமாக எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் அந்த வேலையில் பிறந்த இசையை யார் எடுத்து வைத்தார்கள்?

எடுத்து வைக்க முயன்றவர்களில் முதன்மையானவர் நம் இயக்கத்துத் தோழர் நா.வானமாமலை. பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்திப் பிழைத்தவர். 1964-ல் தமிழர் நாட்டுப் பாடல்கள் தொகுதியை வெளிக்கொணர்ந்தார். 1969-ல் "ஆராய்ச்சி" என்ற பத்திரிகையைத் தொடங்கினார். பிற்பாடு மதுரைப் பல்கலைக்கழகமே அவர் பதிப்பித்த கதைப்பாடல்களை அச்சிட்டது. பல்கலைக்கழகம் செய்திருக்க வேண்டிய வேலையை, பல்கலைக்கழகத்துக்கு வெளியே நின்று ஒரு கம்யூனிஸ்ட் செய்தார்!

அப்படிப்பட்ட தொகுதிகளைத் திறந்து பாருங்கள். வார்த்தைகள் இருக்கின்றன. மெட்டு? பெரும்பாலும் இல்லை. தொகுத்தவர்கள் மேல் குற்றமில்லை. கேட்ட பாட்டைச் சுரப்படுத்தி எழுதுவது தனிப் பயிற்சி. அந்தப் பயிற்சியைக் கற்றுத்தருவதற்கென்று சங்கீதத் துறைகள் இருந்தன. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்திய இசைத் துறை 1932 முதல் இருக்கிறது. சிதம்பரத்தில் இசைக் கல்லூரி 1929 முதல் இருக்கிறது. சுரம் எழுதத் தெரிந்தவர்கள் அங்கே இருந்தார்கள். பாட்டு இங்கே இருந்தது. நடுவில் இருந்த தூரம் எத்தனை மைல்? மைல் கணக்கல்ல தோழர்களே, சாதிக் கணக்கு, வர்க்கக் கணக்கு!

தீட்டுப்பட்ட மேடையும் திறக்காத வாசலும்

"பரம்பரையில் வந்தால்தான் சங்கீதம் வரும்" என்கிறார்கள். சரித்திரம் என்ன சொல்கிறது?

தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் சித்த வைத்தியர். மருந்து விற்ற காசில் 1912 முதல் சங்கீத மாநாடுகள் கூட்டினார். 1917-ல் "கருணாமிர்த சாகரம்" என்ற பெரும் நூலை வெளியிட்டார். இன்று கர்நாடக சங்கீதம் என்று வழங்குவதன் வேர் பழந்தமிழ்ப் பண்ணில் இருக்கிறது என்று சிலப்பதிகாரத்தை வைத்து வாதாடினார். அவர் பேராசிரியர் அல்லர். ஆனால் அவர் பெயரைச் சொல்லாமல் இன்று தமிழிசை ஆராய்ச்சி பேச முடியுமா?

1941-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியது. தமிழ்நாட்டுக் கச்சேரியில் தமிழ்ப் பாட்டுப் பாடுங்கள் என்று தீர்மானம் போட்டார்கள். இதைச் சொல்ல ஒரு மாநாடு தேவைப்பட்டது, பார்த்தீர்களா! 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் எழுந்தது. 1946-ல் திருவையாற்றுத் தியாகராஜ உற்சவத்தில் எம்.எம்.தண்டபாணி தேசிகர் தமிழ்ப் பாட்டுப் பாடியபோது பெரிய சர்ச்சை கிளம்பிற்று. தீட்டு என்ற பேச்சு வரைக்கும் போயிற்று. பிற்பாடு அதே தேசிகர் அண்ணாமலைப் பல்கலைக்கழக இசைத் துறைக்குத் தலைவராக உட்கார்ந்தார். போராடினால் நாற்காலி அசையும் என்பதற்கு இது சான்று.

ஆனால் பாட்டின் மொழிக்குக் கிடைத்த நியாயம், பாடுகிறவனின் வர்க்கத்துக்குக் கிடைத்ததா? 2025-ல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். மகிழ்ச்சி! விருது கொடுக்க ஒரு மாலை நேரம் போதும். பேராசிரியர் நாற்காலி கொடுப்பதுதான் கஷ்டம். பறையையும் உறுமியையும் விழா மேடைக்கு ஊர்வலத்தில் அழைக்கிறார்கள். பட்டறை, சான்றிதழ் வகுப்பு என்று திண்ணையில் உட்கார வைக்கிறார்கள். எம்.ஏ. என்கிற நடுவீட்டில் இலை போட மனம் வரவில்லை.

மத்திய சர்க்காரின் "நெட்" தேர்வைப் பாருங்கள். கல்லூரி ஆசிரியராகவும், உதவித்தொகை வாங்கும் ஆராய்ச்சி மாணவராகவும் அது ஒரு முக்கிய வாசல். தேறி இளநிலை ஆய்வாளர் இடம் பெற்றவருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். நம் தோழர் வீட்டு அடுப்பு எத்தனை மாதம் எரியும், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்! அதில் சங்கீதப் பாடத்துக்குப் பிரிவுகள் எவை? ஹிந்துஸ்தானி, கர்நாடகம், ரவீந்திர சங்கீதம், தாளவாத்தியம். உழைப்பாளி மக்களின் இசைக்குத் தனிப் பிரிவு கிடையாது. கேள்வித்தாள் எந்த மொழியில்? ஆங்கிலத்திலும் இந்தியிலும். தேவாரத்தையும் மல்லாரியையும் அறிந்த பெண், அதைப் பற்றி ஆங்கிலத்திலோ இந்தியிலோ படித்துப் பதில் குறிக்க வேண்டுமாம்! இதற்குப் பெயர் தகுதித் தேர்வா, சுங்கச்சாவடியா?

மதிலேறிக் குதித்தவர்

"பண்ணைப்புரத்து இளையராஜா எந்தச் சங்கீத எம்.ஏ. படித்தார்? திறமை இருந்தால் யாரும் மேலே வரலாம்" என்பது இன்னொரு வாதம்.

அந்த வரலாற்றை நமக்கா சொல்கிறார்கள்? 1958-ல் தேவிகுளம் இடைத்தேர்தலில் தோழர் ரோசம்மா புன்னூஸுக்காகத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் மத்தியில் பாடியவர் அவருடைய அண்ணன் பாவலர் வரதராஜன். அண்ணனின் குழுவோடு ஊர் ஊராக நம் மேடைகளில் பாடியும் வாசித்தும் வளர்ந்தவர் தம்பி. சென்னைக்குப் போய் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றார். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிதார் தேர்வு எழுதினார். 2025 மார்ச் 8-ம் தேதி லண்டனில் அவருடைய சிம்பொனி அரங்கேறியது. 2022-ல் அவர் ராஜ்யசபைக்குப் போன விதம் பற்றி நமக்கு வேறு கருத்து உண்டு. அது வேறு பேச்சு.

இங்கே கேள்வி இதுதான். ஒருவர் மதிலேறிக் குதித்துவிட்டார் என்பதற்காக, கதவு திறந்திருக்கிறது என்று சொல்லலாமா? ஏற முயன்று விழுந்தவர்கள் எத்தனை பேர் என்று எந்தப் பதிவேட்டில் எழுதியிருக்கிறது? இசையமைப்புக் கற்க ஒரு தனி ஆசிரியர் வீட்டுத் திண்ணையும், கடல் கடந்த கல்லூரியின் தேர்வும்தான் அவருக்குக் கிடைத்தன. நம் வரிப்பணத்துப் பல்கலைக்கழகங்கள் என்ன செய்தன? எல்லாம் முடிந்த பிறகு கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தன. பசித்தபோது இலை போடாதவர்கள், சாப்பிட்டு எழுந்த பிறகு வெற்றிலை பாக்கு நீட்டினார்கள்!

கட்டடம் யார் காசு?

"பல்கலைக்கழகம் பெரிய மனிதர்கள் கொடுத்த கொடை" என்பார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 1929-ல் நிறுவியவர் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார். தமிழிசைக்கு அவர் செய்ததை நாம் மறுக்கவில்லை. ஆனால் செட்டிநாட்டு லேவாதேவி மூலதனம் எங்கே விளைந்தது? பர்மாவில், இலங்கையில், மலேயாவில். 1930-களின் நெருக்கடியில் கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் ஜில்லாக்களில் ஏறக்குறையக் கால் பங்கு நிலம், கடனுக்கு ஈடாக வட்டிக் கடைகளின் கைக்குப் போயிற்று. பர்மா விவசாயி இழந்த வயலும், அங்கே அறுவடைக்குக் கப்பலேறிப் போன இந்தியக் கூலிகளின் வியர்வையும் சேர்ந்துதான் அந்த மூலதனம் பெருத்தது. ஆகவே படிக்கட்டில் ஏறும்போது நம் பெண் கூச்சப்பட வேண்டியதில்லை.

இன்று அது கொடையும் அல்ல. பண நெருக்கடியில் மூழ்கிய அந்தப் பல்கலைக்கழகத்தை 2013-ல் சட்டம் போட்டுச் சர்க்கார் ஏற்றது. அதே 2013-ல் தமிழ்நாடு இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகமும் ஏற்பட்டது. அதன் வேந்தர் முதலமைச்சர். ஆளுநர் மேல் பழி போட்டுத் தப்பிக்கும் வழிகூட அங்கே இல்லை.

முதலில் சோறு, பிறகு சங்கீதமா?

இனி நம் சிரித்த தோழருக்கு வருவோம். சோறுதான் முதல் பிரச்னை, சந்தேகமில்லை. ஆனால் 1918 ஜூலை 12-ம் தேதியை நினைத்துப் பாருங்கள். ரஷ்யாவில் உள்நாட்டு யுத்தம். மாஸ்கோவிலும் பெட்ரோகிராடிலும் ரொட்டிக்குப் பஞ்சம். அந்த நாளில் லெனின் ஒரு கட்டளையில் கையெழுத்திட்டார். அந்த இரண்டு நகரங்களின் இசைக் கல்லூரிகளும் கல்விக் கமிசாரியத்தின் கீழ் வந்தன. மற்ற உயர்கல்வி நிலையங்களுக்குச் சமமான அந்தஸ்துப் பெற்றன. ரொட்டி வரட்டும், இசை காத்திருக்கட்டும் என்று லெனின் சொல்லவில்லை.

கியூபாவைப் பாருங்கள். ஹவானாவில் கோடீசுவரர்கள் கோல்ஃப் ஆடிய கிளப் மைதானம். புரட்சிக்குப் பின் 1961-ல் அங்கே கலைப் பள்ளிகள் கட்டத் தொடங்கினார்கள். இசைப் பள்ளிக் கட்டடம் முடியாமல் பாதியில் நின்றது உண்மைதான். ஆனாலும் 1976-ல் அதே மண்ணில் கலைகளுக்கான பல்கலைக்கழகம் எழுந்தது.

"படித்தால் வேலை கிடைக்குமா?" என்பது நியாயமான கேள்வி. 2012-ல் தமிழ்நாட்டு சர்க்கார் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, இசை முதலியவற்றுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். சம்பளம் மாதம் 5,000 ரூபாய்! பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்கில் தெருவில் நின்றார்கள். பிள்ளைகள் இருக்கிறார்கள், பாடம் இருக்கிறது. நிரந்தர வேலை மட்டும் இல்லை. இது சங்கீதத்தின் குற்றமா, சர்க்காரின் குற்றமா?

ஆகவே நாம் கேட்போம்:

இசைப்பள்ளியில் தேறிய உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகளுக்கு எம்.ஏ., ஆராய்ச்சி வரை கட்டணமில்லாப் படிப்பும், விடுதியும், உதவித்தொகையும் வேண்டும்.

நாதசுரம், தவில், பறை, உறுமி எல்லாம் மேல்படிப்பில் முதன்மைப் பாடங்களாக வேண்டும். அவற்றைக் கற்பிக்க, பட்டம் கேட்காமல் கலைஞர்களை முழுச் சம்பளத்தில் அமர்த்த வேண்டும்.

இசையமைப்புக்குச் சர்க்கார் பல்கலைக்கழகத்தில் தனி மேல்படிப்பு வேண்டும்.

ஆராய்ச்சி மாணவர்கள் வயலுக்கும் தோட்டத்துக்கும் ஆலைக் குடியிருப்புக்கும் வந்து, எஞ்சியிருக்கும் பாட்டுகளை மெட்டோடு பதிவு செய்து, ஜனங்கள் யாரும் கேட்கும்படி வைக்க வேண்டும்.

"நெட்" கேள்வித்தாள் தமிழில் வேண்டும்.

அன்று டீக்கடையில் சிரித்த தோழரிடம் நான் ஒன்று கேட்டேன். "உங்கள் அம்மா நடவில் பாடுவார்களே, ஞாபகம் இருக்கிறதா?" அவர் முதல் அடியைச் சொன்னார். பாடிக் காட்டுங்கள் என்றேன். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். இரண்டாவது அடியில் மெட்டு நின்றுவிட்டது. மறுபடி தொடங்கினார், மறுபடியும் அங்கேயே நின்றது. பிறகு அவர் சிரிக்கவில்லை.

ஆலைத் தோழரே, மகளை அனுப்புங்கள். விண்ணப்பம் எழுத நான் வருகிறேன். கட்டணத்துக்குச் சங்கத்தில் கேட்போம். அவள் படித்துவிட்டு வந்து, முதலில் நம் தோழருடைய ஊருக்குப் போகட்டும். அவர் அம்மாவோடு நாற்று நட்ட கிழவிகள் இரண்டு பேர் இன்னும் இருக்கிறார்களாம்.