பேப்பரில் வந்த வீடு

குத்தாலம் கடைத்தெரு டீக்கடையில் காலை ஆறரைக்குப் பேப்பர் வரும். ஏழு மணிக்குள் அது ஏழு துண்டாகி ஏழு பேர் கையில் இருக்கும். நம் நண்பனின் அப்பாவுக்கு அன்றைக்குக் கிடைத்தது மூன்றாம் பக்கம். 'சென்னை அடுக்குமாடியில் விபசாரம்; புரோக்கர் கைது; இரண்டு அழகிகள் மீட்பு.' (இந்த வழக்குகளில் மீட்கப்படுகிற பெண்கள் அத்தனை பேரும் எப்படித்தான் அழகிகளாகவே இருக்கிறார்களோ!)

"காலம் கெட்டுப் போச்சுய்யா"ன்னு பெரியவர் இன்னொரு டீ சொன்னார். ஒன்பது மணிக்குப் பையனுக்கு ஸ்டேஷனிலிருந்து போன் வந்த பிறகுதான் தெரிந்தது, கெட்டுப் போனது காலம் மட்டுமில்லை, மகன் லோன் போட்டு வாங்கிய ஃபிளாட்டும் என்று.

நண்பனின் பெயர் வேண்டாம். இ.எம்.ஐ. என்றே வைத்துக்கொள்வோம், ஊரில் பாதிப்பேருக்குப் பொருந்தும். சென்னையில் வேலை பார்த்தபோது வாங்கின ஃபிளாட். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று மாயவரத்துக்கு வேலை மாற்றிக்கொண்டு வந்துவிட்டான். ஃபிளாட்டை புரோக்கர் மூலம் வாடகைக்கு விட்டான். மாசம் பிறந்தால் வாடகை வரும், அதே வேகத்தில் பேங்க்குக்குப் போகும். அவ்வளவுதான் அவனுக்கும் அந்த வீட்டுக்கும் உறவு.

"பி.காம். படிச்சவன், நாலு பேப்பர் பாக்கத் தெரிஞ்சவன்" என்று என்னையும் இழுத்துக்கொண்டு மாயவரம் வக்கீல் மாமாவிடம் ஓடினான். பஸ் மூவலூரைத் தாண்டும்போது, மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஞாபகம் வந்தது. பொட்டுக் கட்டுகிற வழக்கத்தை எதிர்த்து இந்தச் சுற்றுவட்டாரமெல்லாம் அலைந்து பேசிய மனுஷி. தேவதாசி ஒழிப்புச் சட்டம் 1947-ல் வந்தது. இவனிடம் இப்போது அதைச் சொன்னால் பஸ்ஸிலிருந்து தள்ளிவிடுவான் என்பதால் சும்மா இருந்தேன்.

வக்கீல் மாமா எல்லாம் கேட்டுவிட்டு, "தம்பி, பேப்பர்ல வந்துச்சா?" என்றார்.

"வந்துச்சு மாமா. அட்ரஸ் போடலை, அபார்ட்மென்ட் பேரு இருக்கு."

"குத்தாலத்துக்கு வர்ற பேப்பரா?"

"எங்கப்பாவே படிச்சாரு."

மாமா கண்ணாடியைக் கழற்றினார். கிளையன்ட்டுக்குக் கஷ்டகாலம் என்றால்தான் அதைக் கழற்றுவார்.

விஷயம் இதுதான். விபசாரத் தடுப்புச் சட்டம் 1956-ல் வந்தது. அதில் 3-வது பிரிவு. விடுதி நடத்தினாலோ, நடத்த உதவினாலோ முதல் தடவை ஒரு வருஷத்துக்குக் குறையாமல் மூன்று வருஷம் வரை கடுங்காவல். வீட்டுக்காரனுக்குத் தனி உட்பிரிவு: இதற்குத்தான் என்று தெரிந்தே வீட்டை விட்டால் இரண்டு வருஷம் வரை. 'தெரிந்தே' என்கிற அந்த ஒரு வார்த்தையில்தான் வீட்டுக்காரனின் உயிர் இருக்கிறது.

கொலைக் கேஸில்கூடக் குற்றத்தைப் போலீஸ்தான் நிரூபிக்க வேண்டும். இங்கே ஒரு கொக்கி. ரெய்டில் இந்த வீட்டில் விபசாரம் நடந்தது கண்டுபிடிக்கப்பட்டது என்று, வீட்டுக்காரன் குடியிருக்கிற ஊரில் ஓடுகிற பத்திரிகையில் செய்தி வந்தால், அவனுக்குத் தெரியும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். ரெய்டில் எடுத்த பொருள்களின் பட்டியல் நகலை அவன் கையில் கொடுத்தாலும் அப்படியே. 'இல்லை, தெரியாது' என்று நிரூபிக்க வேண்டியது அவன் பாடு. பேப்பரை அவன் படித்தானா, அதில் பஜ்ஜி வைத்துத் தின்றானா என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

நாங்கள் காமர்ஸில் படித்தது ஞாபகம் வந்தது. நஷ்டம் வரும் என்று வாடை அடித்தாலே கணக்கில் எழுதிவிடு, லாபத்தை மட்டும் கைக்கு வந்த பிறகு எழுது என்பார் எங்கள் அக்கவுண்டன்ஸி வாத்தியார். சட்டம் எழுதியவரும் பி.காம்.தான் போல.

இ.எம்.ஐ. விடவில்லை. ராத்திரி பூரா உட்கார்ந்து அவனும் படித்திருந்தான். "ரெய்டுக்குப் போனது சப்-இன்ஸ்பெக்டரா இருந்தா கேஸ் நிக்காதாமே மாமா? இன்ஸ்பெக்டருக்குக் குறைஞ்சு போகக்கூடாதாமே? பெண் போலீஸ் ரெண்டு பேர், அக்கம்பக்கத்து சாட்சி, அதுல ஒரு பொம்பளை..."

"இருக்கு. இந்தச் சட்டத்துக்குன்னு நியமிச்ச தனி அதிகாரிதான் புலன்விசாரணை பண்ணணும்னு 1961-லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. நல்ல பாயின்ட். ஆனா சாட்சி கூப்பிடறது, சோதனைக்கு முன்னாடி காரணத்தை எழுதிவைக்கிறது, இதுல குறை இருந்தா மட்டும் கேஸ் செத்துடாது. குஜராத் கேஸ் ஒண்ணுல அதே சுப்ரீம் கோர்ட்தான் அதையும் சொல்லிச்சு. உனக்கு என்ன பாதிப்புன்னு காட்டணும்."

"ஒரே ஒரு நாள்தானே மாமா புடிச்சாங்க? ஒரு நாள் நடந்தா அது விடுதி ஆயிடுமா?"

"ஆகும். 1966-ல நம்ம மெட்ராஸ் கேஸ்லதான் தீர்ப்பு. ஒரு தடவைன்னாலும் சுத்தியிருக்கிற சங்கதியெல்லாம் சேர்ந்தா போதும்."

இ.எம்.ஐ. முகத்தைப் பார்க்க முடியவில்லை. இரண்டாவது விக்கெட்.

"போலீஸ் ஓட்டையைத் தேடாதே. உன் பெட்டியைத் தொற" என்றார் மாமா.

திறந்தோம். வாடகை ஒப்பந்தம் இருந்தது. 2019-ல் அமலுக்கு வந்த புது வாடகைச் சட்டப்படி பதிவும் செய்திருந்தான். வாடகை மொத்தமும் பேங்க் வழியாகவே வந்திருந்தது. அதே அபார்ட்மென்ட்டில் பக்கத்து வீட்டுக்கு என்ன வாடகையோ அதேதான் இவனுக்கும். இங்கே மாமா முதல் தடவையாகச் சிரித்தார். "ரெண்டு மடங்கு வாங்கியிருந்தா, 'ஏன் குடுத்தான்னு கேக்கலையா'ன்னு கேப்பாங்க." குடியிருந்தவரின் ஆதார் நகலும் இருந்தது. எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

அப்புறம்தான் இ.எம்.ஐ. மெதுவாகப் போனை எடுத்தான்.

இரண்டு மாசத்துக்கு முன்னால் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் செயலாளர் எழுதியிருக்கிறார்: 'சார், உங்க வீட்டுக்கு ராத்திரி நேரத்துல புதுப்புது ஆட்கள் வந்து போறாங்க. கொஞ்சம் கவனிங்க.' அதற்கு நம் ஆள் அனுப்பிய பதில் ஒரு கட்டைவிரல். ஆமாம் சார், அந்த மஞ்சள் கட்டைவிரல்தான்!

"இதை அழிச்சுடவா மாமா?"

"அழிச்சா அது தனிக் கேஸ். குரூப்ல எத்தனை பேரு?"

"அறுபத்திரண்டு."

"அறுபத்திரண்டு போனையும் திருடப் போறியா?"

அன்று ராத்திரியே குடியிருந்தவருக்குப் போன் போட்டிருக்கிறான். 'சொந்தக்காரங்க வந்தாங்க சார்' என்று பதில். நம்பிவிட்டான். நாமாயிருந்தாலும் நம்பியிருப்போம், வாடகைதான் முதல் தேதிக்கே வருகிறதே! மாமா அந்த போன் கால் பட்டியலை எடுக்கச் சொன்னார். "சந்தேகம் வேற, தெரிஞ்சிருக்கறது வேற. சந்தேகம் வந்ததும் கேட்டேன்னு சொல்லலாம். கேட்டதோட விட்டுட்டியேன்னு எதிர்ப்பக்கம் சொல்லும். இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் உன் கேஸ்."

வீட்டுக்கு வேறு ஆபத்து இருக்கிறது. கோயில், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி மாதிரி இடங்களிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு இருந்தால், மாஜிஸ்திரேட் நோட்டீஸ் விடலாம். ஏழு நாளில் பதில் சொல்ல வேண்டும். (தமிழ்நாட்டில் கோயிலிலிருந்து 200 மீட்டர் தள்ளி ஒரு வீடு காட்டுங்கள், பார்க்கலாம்.) குடியிருப்பவரை வெளியேற்றி, ஒரு வருஷத்துக்குத் தன் அனுமதி இல்லாமல் வாடகைக்கு விடக்கூடாது என்று உத்தரவு போடலாம். பதினெட்டு வயது ஆகாத பெண் இருந்திருந்தால் மூன்று வருஷம். வீட்டுக்காரர் நிரபராதி என்று தோன்றினால் வீட்டைத் திருப்பித் தரவும் வழி இருக்கிறது. ஒரு வருஷம் வாடகை இல்லை என்றால் இ.எம்.ஐ. என்ன ஆகும்? இரண்டு இ.எம்.ஐ.யையும்தான் கேட்கிறேன்.

புரோக்கர் கதை வேறு. அவர் மேல் ஆள் கடத்தல் பிரிவும் சேரலாம். நிரூபணமானால் ஏழு வருஷத்துக்குக் குறையாது. 1982-ம் வருஷத்து குண்டர் சட்டத்திலும் இந்தத் தொழில் இருக்கிறது. விசாரணையே இல்லாமல் பன்னிரண்டு மாசம் உள்ளே வைக்கலாம்.

ராத்திரி அவன் வீட்டில் சாப்பிட்டோம். நோட்டீஸ், ஏழு நாள், கட்டைவிரல் என்று நாங்கள் மூன்று ஆண்களும் பேசித் தள்ளினோம். ரசம் ஊற்ற வந்த அவன் மனைவி கேட்டாள்:

"அந்த ரெண்டு பொண்ணுங்க என்னண்ணே ஆனாங்க?"

எனக்குச் சுருக்கென்றது. காலையிலிருந்து ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை. 2022 மே மாதம் சுப்ரீம் கோர்ட் சொன்னதைச் சொன்னேன். தன் விருப்பத்தோடு இருக்கிற வயதுவந்த பெண்ணைக் கைது செய்யவோ, அபராதம் போடவோ, துன்புறுத்தவோ கூடாது. அடையாளம் தெரிகிற மாதிரி செய்தி போடக்கூடாது. விடுதி நடத்துவதுதான் குற்றம். வேறு கதி இல்லாமல் கொண்டுவரப்பட்டவர்கள் என்றால் காப்பகம்.

"அவங்க விருப்பப்பட்டு வந்தாங்களா?"

"தெரியலைம்மா."

"உங்க ஃபிரெண்டும் அதான் சொல்றாரு, தெரியலைன்னு" என்று ரசப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாளே, வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் குடியிருந்தவருக்கு ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால் போனது. நகல் போலீஸுக்கு. சென்னை ஸ்டேஷனில் மூன்று தடவை ஆஜராகி வந்துவிட்டான். குற்றப்பத்திரிகையில் அவன் பேர் சாட்சி வரிசையில் வருமா, எதிரி வரிசையில் வருமா என்று மாமாவே சொல்ல மாட்டேன் என்கிறார். அப்பா டீக்கடையில் இப்போது ஸ்போர்ட்ஸ் பக்கம் மட்டும் கேட்டு வாங்குகிறார்.

நேற்று குரூப்பில் செயலாளர், 'நாளை காலை தொட்டி சுத்தம் செய்வதால் தண்ணீர் வராது' என்று போட்டிருந்தார். இ.எம்.ஐ. பதில் எழுதிக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன்.

'மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் தகவல் இன்று மாலை 6.40-க்குப் பார்க்கப்பட்டது. என் வீடு பூட்டியுள்ளது. அதில் தற்போது எவரும் வசிக்கவில்லை...'