சிறைக்குள் ஒலிக்கும் செல்போன்... மணி கட்டுவது யார்?

2010 மார்ச் 5. அமெரிக்காவின் தெற்கு கரோலினா மாகாணம். ராபர்ட் ஜான்சன் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த விடிகாலை நேரம். கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தவன் அவரை ஆறு முறை சுட்டான்.

ஜான்சன், லீ சிறைச்சாலையில் கேப்டன். உள்ளே வரும் கடத்தல் பொருள்களை மடக்குவதுதான் அவர் வேலை. அவரைத் தீர்த்துக்கட்டச் சொல்லி உத்தரவு போனதும் சிறைக்குள்ளிருந்துதான், கள்ள செல்போன் வழியாக! பல அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு பிழைத்தார்.

‘ஜாமர் வைத்தால் முடிந்தது கதை’ என்றுதானே தோன்றுகிறது? ஜான்சனும் அதைத்தான் கேட்டார். ஆனால், 1934-ல் பிறந்து அவ்வப்போது திருத்தப்பட்ட தகவல் தொடர்புச் சட்டம் குறுக்கே நின்றது. அலைவரிசையில் குறுக்கிடுவது அங்கே குற்றம். மாகாணச் சிறைகளுக்கும் விலக்கில்லை. காரணமும் இருக்கிறது. யார் கைதி, யார் பக்கத்துத் தெருக்காரர் என்று ஜாமருக்குத் தெரியாது. ஆம்புலன்ஸை அழைக்கும் போனும் சேர்ந்து ஊமையாகிவிடும்.

வெளியிலிருந்து வீசும் பொட்டலங்களைத் தடுக்க 50 அடி உயர வலை கட்டினார்கள். ட்ரோனுக்கு வலை ஏது? 2017-ல் ஒரு கைதி கம்பி வெட்டும் கருவியால் வேலியை அறுத்துத் தப்பினார். கருவி ட்ரோனில் வந்திருக்கும், திட்டம் செல்போனில் நடந்திருக்கும் என்றனர் அதிகாரிகள். அடுத்த ஆண்டு லீ சிறைக் கலவரத்தில் 7 கைதிகள் பலி. அதற்கும் செல்போனைத்தான் கைகாட்டினார்கள்.

வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் வாசலைக் கவனிப்பது யார்? அதே 2018-ல், லஞ்சம் வாங்கிக்கொண்டு பொருள்களை உள்ளே கடத்தியதாக அந்த மாகாணச் சிறைத்துறையின் முன்னாள் ஊழியர்கள் 14 பேர்மீது மத்திய அரசு வழக்கு போட்டது.

2021-ல் ஒரு வழி பிறந்தது. கள்ள போனைக் கருவிமூலம் அடையாளம் கண்டு, அதை மட்டும் செயலிழக்கச் செய்யும்படி செல்போன் நிறுவனத்திடம் சிறை நிர்வாகம் கேட்கலாம். லீ சிறையிலும் இந்த முறை வந்தது. ஜாமரைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனால், கள்ள போன் வைத்திருப்பவர்கள் எல்லோரும் கொலைத் திட்டம் போடுபவர்கள் இல்லை. பிள்ளையின் குரலைக் கேட்கத் துடிப்பவர்களும் உண்டு. அமெரிக்கச் சிறைகளில் முறைப்படி பேசுவதற்குக் கட்டணம் அப்படி! பேரனுடன் பேசிக் கட்டுப்படியாகாமல், மார்த்தா ரைட் என்ற பார்வையற்ற பாட்டி பல ஆண்டுகள் போராடினார். அவர் மறைவுக்குப் பிறகு, 2023 ஜனவரியில், அவர் பெயரிலேயே கட்டணக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. கனெக்டிகட் மாகாணமோ அதற்கு முன்பே, 2022-ல், சிறை அழைப்புகளை இலவசமாக்கிவிட்டது.