பாதையை அடைப்பது பிறர் ஹக்கைப் பறிப்பதாகும்

 

நம் கிராமங்களில் சத்தமின்றி மறைந்துவரும் ஒன்றைப் பற்றி எழுத விரும்புகிறோம். ஊரிலிருந்து வயலுக்கும் குளத்துக்கும் அடுத்த ஊர்ச் சந்தைக்கும் மையவாடிக்கும் செல்லும் ஒற்றையடிப் பாதைகளும் வண்டிப்பாதைகளும் ஒவ்வொன்றாக முள்கம்பிக்கும் சுற்றுச்சுவருக்கும் உள்ளே போய்க்கொண்டிருக்கின்றன. வெளிநாட்டில் உழைத்த பணத்தில் தோப்பு வாங்குவோர், மனைப்பிரிவு போடுவோர், பக்கத்துப் புறம்போக்கையும் சேர்த்து உழுவோர் எனப் பலர் இதைச் செய்கின்றனர். அவர்களுள் நம் மஹல்லாவாசிகளும் உள்ளனர் என்பதை மறைப்பதில் பயனில்லை.

பாதை அடைபட்டால் வாகனம் வைத்திருப்பவர் தார்ச்சாலையில் சுற்றிப் போய்விடுவார். புல்லுக்கட்டைத் தலையில் சுமந்து வரும் பெண், ஆடு மேய்ப்பவர், பள்ளிக்கூடம் செல்லும் பிள்ளை, தடியூன்றித் தொழுகைக்கு வரும் முதியவர் ஆகியோரே கூடுதலாக நடக்கின்றனர். ஜனாஸாவைத் தோளில் சுமந்து செல்வோர் ஒருவருடைய வேலியருகே நின்று அனுமதி கேட்க நேர்வது எத்தனை வேதனைக்குரியது!

இதனை வெறும் நிலத்தகராறு என்று ஒதுக்கிவிட மார்க்கம் நமக்கு இடமளிக்கவில்லை. ஈமானுக்கு எழுபதுக்கும் மேற்பட்ட கிளைகள் உள்ளன என்று கூறிய நபி (ஸல்) அவர்கள், பாதையில் கிடக்கும் தொல்லை தருவதை அகற்றுவதையும் அவற்றுள் ஒன்றாக எண்ணினார்கள். வழியில் கிடந்த முட்கிளையை அப்புறப்படுத்திய ஒருவருடைய பாவத்தை அல்லாஹ் மன்னித்த செய்தியும் ஸஹீஹான ஹதீஸ்களில் உள்ளது. கிடந்த முள்ளை எடுத்தவருக்கு மன்னிப்பு என்றால், இல்லாத முள்ளைக் கொண்டுவந்து கட்டியவரின் நிலை என்ன என்பதை நாம் ஒவ்வொருவரும் சிந்திக்க வேண்டும்.

பாதையின் அகலம் குறித்துக் கருத்து வேறுபாடு எழுந்தால் ஏழு முழம் விட்டுவிடும்படி நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்ததை அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்துக்கொண்டவரின் கழுத்தில் மறுமையில் ஏழு பூமிகள் மாலையாக மாட்டப்படும் என்ற எச்சரிக்கையும் நாம் அறிந்ததே. அதனை அறிவித்த ஸயீத் பின் ஸைத் (ரலி) அவர்கள்மீதே ஒரு பெண்மணி நில வழக்குத் தொடுத்தார். இந்த எச்சரிக்கையை நபியவர்களிடம் கேட்டுவிட்டுப் பிறர் நிலத்தை எப்படி எடுப்பேன் என்று கூறிய அவர்கள், தகராறுக்குரிய நிலத்தையே விட்டுக்கொடுத்துவிட்டார்கள். தமது பக்கம் நியாயம் இருந்தும் விட்டுக்கொடுத்தவர்கள் ஸஹாபாக்கள்.

நம் மத்ரஸாக்களில் மதிக்கப்படும் மின்ஹாஜ் நூலில், சமரசம் பற்றிய பாடத்தில் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் பொதுவழியின் சட்டங்களைக் கூறுகிறார்கள். நடப்போருக்கு இடையூறு தரும் எதையும் அதில் செய்யக்கூடாது. திண்ணை கட்டுவதும் மரம் நடுவதும்கூடத் தடுக்கப்பட்டவை. பொதுவழியின்மேல் வீட்டின் மாடத்தை நீட்டிக்கொள்வதற்காகப் பணம் கொடுத்துச் சமரசம் செய்வதும் கூடாது. காரணம் தெளிவானது. பொதுவழி எல்லோருடைய ஹக்கு. அதனை விற்கும் அதிகாரம் எந்தத் தனிமனிதருக்கும் கிடையாது.

நாட்டின் சட்டமும் இதற்கு அருகிலேயே நிற்கிறது. தனியாருக்கு உரிமையில்லாத பொதுச் சாலை, தெரு, பாதை அனைத்தும் அரசின் சொத்து என்று 1905ஆம் ஆண்டின் தமிழ்நாடு நில ஆக்கிரமிப்புச் சட்டம் கூறுகிறது. பட்டா நிலத்தின் ஊடே செல்லும் வழிக்கு வேறு பாதுகாப்பு உண்டு. 20 ஆண்டுகள் வெளிப்படையாகவும் அமைதியாகவும் இடைவிடாமலும் உரிமையோடு பயன்படுத்திய வழியை 1882ஆம் ஆண்டின் ஈஸ்மெண்ட் சட்டம் ஏற்கிறது. நம் கிரயப் பத்திரங்களில் ‘மாமூல் வழிநடைப் பாத்தியம்’ என்று எழுதப்படுவது இத்தகைய உரிமையைக் குறித்தே. கையெழுத்திடும்போது அந்த வரியை ஏற்றுவிட்டு, பின்னர் வேலி போடுவது ஒப்பந்தத்தை முறிப்பதாகும்.

“என் நிலம், என் பட்டா, தேங்காய் களவு போகிறது, ஆடுகள் மேய்கின்றன” என்று நிலக்காரர் கூறுவது பொய்யன்று. அவருடைய பொருளும் பாதுகாக்கப்பட வேண்டியதே. ஆனால் மண்ணின் உரிமையும் நடக்கும் உரிமையும் ஒரே இடத்தில் சேர்ந்து இருக்க முடியும். இங்கிலாந்து இதற்குச் சான்று. 1932 ஏப்ரல் 24 அன்று கிண்டர் ஸ்கவுட் என்னும் மேட்டுநிலத்தில், தனியார் வேட்டைக்காக மூடிவைத்திருந்த இடத்தில், நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் கூட்டமாக நடந்தார்கள். ஐவர் சிறைக்குச் சென்றார்கள். 1949இல் வந்த சட்டம், உள்ளாட்சி அமைப்புகள் பொது நடைபாதைகளை வரைபடத்தில் பதிவுசெய்ய வேண்டும் என்று விதித்தது. இன்று அங்கே தனியார் வயலின் நடுவிலும் பொதுமக்கள் நடக்கும் பாதைகள் உள்ளன. நிலம் உரியவரிடமே இருக்கிறது, வேலியும் இருக்கிறது, வேலியில் ஆள் மட்டும் கடந்துபோக ஒரு படியோ சிறு கதவோ இருக்கிறது. நம் ஊர் வேலியில் ஆள் நுழையும் கடவு விடும் வழக்கமும் அதுவே. மாடு நுழையாது, மனிதர் நுழைவார்.

நடப்போருக்கும் கடமை உண்டு. பாதையின் ஹக்கைப் பேணுமாறு கூறிய நபி (ஸல்) அவர்கள், பார்வையைத் தாழ்த்துவது, தொல்லை தராதிருப்பது, ஸலாமுக்குப் பதில் கூறுவது, நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பது ஆகியவற்றை விளக்கினார்கள். வரப்பை மிதித்து உடைத்துவிட்டு, விழுந்த தேங்காயைப் பையில் போட்டுக்கொண்டு, வழியுரிமை கேட்பது அழகன்று.

ஆகவே சில கோரிக்கைகளை முன்வைக்கிறோம். நிலம் வாங்கும் குடும்பங்கள், முன்பணம் கொடுக்கும் முன்பே புலப்படத்தையும் ‘அ’ பதிவேட்டையும் பார்க்கட்டும்; நிலத்தை ஒருமுறை நடந்து சுற்றி, அக்கம்பக்கத்தாரிடம் வழி எது என்று கேட்கட்டும். ஏற்கெனவே அடைத்தவர்கள், வழக்கு வரும்வரை காத்திராமல் கடவு திறந்துவிடட்டும். ஜமாஅத் நிர்வாகிகள் மையவாடிக்கும் பள்ளிவாசலுக்கும் செல்லும் பாதைகளின் புல எண்களைக் குறித்துவைத்து, கிராம சபையில் தீர்மானமாகப் பதிவுசெய்யட்டும். அடைபட்டவை பொதுவழிகளாயின், பேசித் தீராதபோது வட்டாட்சியரிடமும் கோட்டாட்சியரிடமும் முறையாக மனு அளிக்கலாம். ஜும்ஆ பயானில் வட்டியைப் பற்றிப் பேசும் நாம் வழியைப் பற்றியும் பேசுவோம்.

அந்தப் பாதையில் நடப்பவர் எந்தச் சமயத்தவராக இருந்தாலும் ஹக்கு ஹக்குதான். நாம் திறந்துவிட்ட வழியில் பிறசமயச் சகோதரியின் பிள்ளை மழைக்காலத்தில் நேரத்தோடு பள்ளி சேர்ந்தால், அதுவும் நமக்கு ஸதகாவாகும், இன்ஷா அல்லாஹ். தொழுகையையும் நோன்பையும் சுமந்து மறுமைக்குச் செல்லும் நாம், அடுத்தவர் வழியையும் கழுத்தில் சுமந்து செல்ல வேண்டாம்.

வல்ல ரஹ்மான் நம் அனைவரையும் பிறர் ஹக்கைப் பேணுவோராக ஆக்கியருள்வானாக. ஆமீன்.